ஆண்டாப் ஹில் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி: பாதுகாப்பா, புதிய அபாயமா?

மும்பை: 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில், ஜூஹுவில் உள்ள தமது இல்லத்தில் இருந்து கொல்கத்தா புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தார் இந்தி நடிகர் கோவிந்தா. உரிமம் பெற்ற தமது ரிவால்வரைப் பீரோவில் வைக்க முற்பட்டபோது அது கைதவறி விழுந்து வெடித்தது. குண்டு அவரது காலில் பாய்ந்தது. மருத்துவமனையில் குண்டு அகற்றப்பட்டு, சில நாள்களில் அவர் வீடு திரும்பினார்.

அதன் பின் 11 நாள்கள் கழித்து, அக்டோபர் 12ஆம் தேதி இரவு, பாந்த்ரா கிழக்கில் தமது மகனின் அலுவலகத்துக்கு வெளியே முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் பாதுகாப்புக்கு உடனிருந்தும் கொலையைத் தடுக்க இயலவில்லை. பின்னர் அந்தக் காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

ஒரே நகரம், இரண்டு வார இடைவெளிகூட இல்லை. முதல் சம்பவம் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதன் அபாயத்தைச் சொல்கிறது. இரண்டாவது சம்பவமோ, நாமும் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணத்தைப் பலரது மனத்தில் விதைக்கிறது. இந்த எண்ணம் பாந்த்ரா, ஜூஹு பங்களாக்களோடு நிற்பதில்லை. நகைப் பட்டறை நடத்துவோர், மொத்த வியாபாரிகள், இரவு வசூல் பணத்துடன் வீடு திரும்புவோர் எனச் சாதாரண மக்கள் வாழும் ஆண்டாப் ஹில், வடாலா, சயான் கோலிவாடா வட்டாரங்களிலும் அது எழக்கூடியதே. குறைந்த விலையில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வீட்டிலும் இடுப்பிலும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா? தந்தாலும், 300 சதுர அடி வீட்டில் அது எதற்குப் பயன்படும்? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

குடும்பத்தைக் காக்க என்ற வாதம்

ஆண்டாப் ஹில் பகுதிக்கு அச்சத்தின் நினைவு உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையை உலுக்கிய கலவரங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட காவல் நிலைய எல்லைகளுள் இதுவும் ஒன்று. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கைப்படி அக்கலவரங்களில் 900 பேர் உயிரிழந்தனர். காவல்துறை வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை பல குடியிருப்புகளில் அந்த வாரங்களில் உடைந்தது. மூத்த தலைமுறைத் தமிழர்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

அதே கலவரச் சூழலில்தான் நடிகர் சஞ்சய் தத்தின் வழக்கும் பிறந்தது. ஏகே-56 ரக துப்பாக்கியும் 9 மி.மீ. பிஸ்டலும் சட்டவிரோதமாக வைத்திருந்ததாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. குடும்பத்தின் பாதுகாப்புக்காகவே ஆயுதத்தை வைத்திருந்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது. 1993 மும்பை தொடர் குண்டுவெடிப்புச் சதியில் அவருக்குத் தொடர்பில்லை என்று தடா நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. எனினும் ஆயுதச் சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியே என்றது. விதிக்கப்பட்ட 6 ஆண்டு சிறைத்தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013 மார்ச் 21ஆம் தேதி 5 ஆண்டாகக் குறைத்தது. தண்டனையை முடித்து 2016 பிப்ரவரியில் அவர் எரவாடா சிறையில் இருந்து வெளிவந்தார்.

புகழும் செல்வாக்கும் கொண்ட குடும்பத்துக்கே, அச்சத்தால் வைத்திருந்தேன் என்ற விளக்கம் தண்டனையில் இருந்து தப்ப உதவவில்லை. உரிமம் இல்லாத ஆயுதம் கையில் இருந்தது என்பதே குற்றம். நோக்கம் நல்லதாக இருந்ததா என்பது பெரும்பாலும் தண்டனையின் அளவைப் பற்றிய விவாதம் மட்டுமே.

சட்டத்தில் உள்ள வேறுபாடு

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 2019ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இன்று துப்பாக்கி உரிமத்தை ஆள்கின்றன. இவற்றில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உள்ளது. பாதுகாப்புக்காக அல்லது விளையாட்டுக்காக, குறைந்தது 20 அங்குலக் குழல் நீளம் உள்ள, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, மறுப்பதற்கான காரணம் ஏதும் இல்லையெனில் உரிமம் வழங்கப்பட வேண்டும் என்கிறது சட்டத்தின் 13ஆவது பிரிவு. பிஸ்டல், ரிவால்வர் போன்றவற்றுக்கு அப்படியில்லை. விண்ணப்பதாரருக்குத் தக்க காரணம் உண்டு என்று உரிமம் வழங்கும் அதிகாரி திருப்தி அடைந்தால் மட்டுமே அவை கிடைக்கும்.

அதாவது, மறைத்து எடுத்துச் செல்லத்தக்க ஆயுதத்தின் மீது சட்டத்துக்குக் கூடுதல் ஐயம் உண்டு. அன்றாடம் இடுப்பில் வைத்துக்கொள்ள எனக் கேட்பவர், சட்டம் மிகத் தயங்கும் இடத்தில்தான் கதவைத் தட்டுகிறார்.

மும்பையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் உள்ளது. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல், மன நலச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவை தேவை. உள்ளூர்க் காவல் நிலையம் அவரது பின்னணியை விசாரித்து அறிக்கை அளிக்கும். ஆண்டாப் ஹில் குடியிருப்பாளர் என்றால் அந்த விசாரணை ஆண்டாப் ஹில் காவல் நிலையத்தில் இருந்தே தொடங்கும். மிரட்டல் வந்ததா, முன்பு புகார் அளித்தாரா, தொழிலின் தன்மை என்ன என்பனவே அங்கு எடைபோடப்படும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது எனச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. மறுக்கப்பட்டால் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நடிகர் சல்மான் கானுக்கு 2022இல் மும்பை காவல்துறை துப்பாக்கி உரிமம் வழங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம் மிரட்டல் கடிதம் வந்ததை அடுத்து அவர் விண்ணப்பித்திருந்தார். தக்க காரணம் என்று சட்டம் சொல்வதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் 2024 ஏப்ரல் 14ஆம் தேதி அதிகாலை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பாந்த்ராவில் உள்ள அவரது வீட்டை நோக்கிச் சுட்டுவிட்டுப் பறந்தபோது, அந்த உரிமத்துக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை. வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அங்கு சில நூறு டாலருக்குப் பிஸ்டல் கிடைக்கிறது. சமூக ஊடகக் காணொளிகளில் நம் இளைஞர்கள் பார்ப்பது அந்த உலகத்தை. இந்தியாவில் ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல. உரிமம் இல்லாத துப்பாக்கிகள் குறித்துத் தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியபோது, 2023 பிப்ரவரியில் நமது உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியது.

மலிவு என்பது எவ்வளவு?

உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? 9 மி.மீ. போன்ற ரகங்கள் தடைசெய்யப்பட்டவை. சாதாரணக் குடிமகனுக்கு .32, .22 ஆகிய ரகங்களே பெரும்பாலும் கிடைக்கும். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் தனிநபர்கள் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதும் நடைமுறையில் நின்றுபோனது. இதனால் அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டு ஆயுதங்கள் தரத்துக்குப் பொருந்தாத விலையில் கைமாறுகின்றன.

எஞ்சுவது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளின் தயாரிப்பு. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பின், பெண்களுக்கான ஆயுதம் என்ற விளம்பரத்துடன் 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரக ரிவால்வர் கான்பூரில் அறிமுகமானது. எடை 500 கிராம், விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். பாதுகாப்பின்றித் தவிக்கும் பெண்களுக்காக எனச் சொல்லப்பட்ட அதை, அப்பெண்களில் எத்தனை பேரால் வாங்க முடியும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அடுத்த ஆண்டு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற .22 ரக ரிவால்வரை அறிவித்தது. எடை 250 கிராம், விலை சுமார் 35,000 ரூபாய். மலிவு விலைக் கைத்துப்பாக்கி என்று இந்தியாவில் சொல்லத்தக்கது அதுவே. 2023 ஆகஸ்டில், 50 மீட்டர் வரை சுடவல்ல 'பிரபல்' ரிவால்வர் கான்பூரில் இருந்து வந்தது. பிரிட்டனின் வெப்லி நிறுவனமும் உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியுள்ளது.

விலையோடு வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், பிஸ்டல், ரிவால்வர் மீதான வரி 28 சதவீதத்தில் இருந்து 40 சதவீதமாக உயர்ந்தது. 1 லட்சம் ரூபாய் அடிப்படை விலை உள்ள துப்பாக்கிக்கு முன்பு 28,000 ரூபாய் வரி. இப்போது 40,000 ரூபாய். பான் மசாலா, சொகுசுப் படகு வரிசையில் கைத்துப்பாக்கியையும் அரசு வைத்துள்ளது. அன்றாடத் தேவைப் பொருளாக அரசு அதைக் கருதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிவிப்பு தேவையில்லை.

பத்துக்குப் பதினைந்து அடி அறையில்

பணமும் உரிமமும் கைகூடிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும், குடிசை மறுவாழ்வுத் திட்ட அடுக்குமாடிகளும், தகரக் கூரை வீடுகளும் அருகருகே உள்ளன. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே அறை, ஒரு சமையல் மூலை. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் அனைவரும் அங்கேயே உறங்குகின்றனர்.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் 1983இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கத்தியுடன் பாய்ந்து வரும் ஒருவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். பயிற்சி பெற்ற காவலர் உறையில் இருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் ஏறத்தாழ அதே நேரம் ஆகிறது. ஆண்டாப் ஹில் அறையில் வாசலுக்கும் படுக்கைக்கும் இடையே 21 அடி கிடையாது. துப்பாக்கியோ இடுப்பில் இல்லை. விதிகளின்படி பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது. தூக்கத்தில் இருந்து எழுந்து, சாவி தேடி, இருட்டில் குறிபார்க்க வேண்டும்.

பெட்டகத்தைத் திறந்தே வைத்தால்? அப்போது அதே அறையில் வளரும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது திறந்தே இருக்கும். பாதுகாப்பாக வைத்தால் அவசரத்துக்கு உதவாது, அவசரத்துக்கு ஏற்றபடி வைத்தால் பாதுகாப்பு இல்லை. பெரிய வீட்டில் இந்த முரண்பாட்டைத் தனியறை, தனிப்பூட்டு என ஓரளவு சமாளிக்கலாம். ஒற்றை அறை வீட்டில் முடியாது.

சுவரையும் மறந்துவிடக் கூடாது. தகரத்தையும் பலகைத் தடுப்பையும் தோட்டா எளிதில் துளைத்துச் செல்லும். குறி தவறினால் அடுத்த வீட்டுத் தொட்டில் வரை அது போகக்கூடும். நெருக்கமான குடியிருப்பில் ஒருவர் சுடுவது அவரது சொந்த விவகாரம் அல்ல. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதே வியப்பு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் லட்சக்கணக்கான குடியிருப்பாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கைத்துப்பாக்கி உரிமையாளருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தோர் கொலையுண்ட விகிதம், துப்பாக்கி இல்லாத வீடுகளில் வாழ்ந்தோரைவிட இரு மடங்குக்கும் அதிகம் என 2022இல் வெளியான முடிவு கூறியது. அதே குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தம்மைத் தாமே சுட்டு உயிர்நீத்த விகிதம் மற்ற ஆண்களைப் போல் சுமார் 8 மடங்காக இருந்தது. அமெரிக்க நிலவரத்தை அப்படியே மும்பைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஆபத்து வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. கடன், குடும்பச் சண்டை, மனச்சோர்வு ஆகியவை எல்லா ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவை.

சுட்ட பிறகு என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ அஞ்சத்தக்க தாக்குதல் நேர்ந்தால் எதிராளி இறக்கும் அளவுக்கும் தற்காத்துக்கொள்ளலாம். சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் வீட்டை உடைத்துப் புகுவோருக்கு எதிராகவும் அந்த உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மீறிய தீங்கு விளைவிக்கக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடும் திருடனை முதுகில் சுட்டால், சுட்டவரே கொலை வழக்கில் நிற்க நேரிடும். இவை அனைத்தையும் அரை விநாடியில் முடிவு செய்ய வேண்டும். பின்னர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் விளக்க வேண்டும்.

உரிமம் பெற்ற துப்பாக்கி உரியவரின் கையிலேயே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2024 பிப்ரவரி 8ஆம் தேதி, மும்பையின் வடக்குப் புறநகரில் சிவசேனா உத்தவ் தாக்கரே பிரிவைச் சேர்ந்த அபிஷேக் கோசால்கர், முகநூல் நேரலையின்போது மோரிஸ் நொரோன்ஹா என்பவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நொரோன்ஹாவும் தம்மைச் சுட்டுக்கொண்டார். பயன்பட்ட துப்பாக்கி அவரது மெய்க்காவலர் உரிமம் பெற்று வைத்திருந்தது. அதற்கு ஆறு நாள்களுக்கு முன், உல்லாஸ்நகர் ஹில் லைன் காவல் நிலையத்துக்குள்ளேயே பாஜக சட்டப்பேரவை உறுப்பினர் கண்பத் கெய்க்வாட், நிலத் தகராறில் சிவசேனா நிர்வாகி மகேஷ் கெய்க்வாட்டைச் சுட்டார். அதுவும் உரிமம் பெற்ற ஆயுதமே. இரு சம்பவங்களிலும் துப்பாக்கி, வழிப்பறிக் கொள்ளையனுக்கு எதிராக அல்ல, அறிமுகமானவர் மீதான கோபத்தில் வெடித்தது.

இடுப்பில் வைத்துச் செல்வது

தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகன் சட்டையை விலக்கித் துப்பாக்கியைக் காட்டியதும் எதிராளி பின்வாங்குவார். ஆயுத விதிகளின்படி அவ்வாறு பொது இடத்தில் காட்டி மிரட்டுவதே உரிமத்துக்கு ஆபத்து. கைத்துப்பாக்கியை உறையில் இட்டு, முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். மகாராஷ்டிரக் காவல் சட்டத்தின் 37ஆவது பிரிவின் கீழ், ஆயுதங்களை ஏந்திச் செல்லத் தடை விதிக்கும் ஆணைகளை மும்பை காவல்துறை அவ்வப்போது பிறப்பிக்கிறது. தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுகின்றனர். திருமணக் கொண்டாட்டத்தில் வானை நோக்கிச் சுட்டு, அதனால் பிறர் பாதுகாப்புக்கு ஊறு விளைந்தால், 2019 திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடைமுறையில், ஆண்டாப் ஹில்வாசி காலையில் ஜிடிபி நகர் நிலையத்தில் ஹார்பர் ரயிலில் ஏறுகிறார். மெட்ரோ, வணிக வளாகம், நீதிமன்றம் எனப் பல வாயில்களில் சோதனைக் கருவி உள்ளது. நெரிசல் மிகுந்த ரயில் பெட்டியில் பணப்பையையே காப்பாற்ற முடியாதவர், இடுப்பில் உள்ள துப்பாக்கியை எப்படிக் காப்பாற்றுவார்? உரிமம் பெற்ற ஆயுதம் திருடுபோனால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

கள்ளச் சந்தையின் நிழல்

உரிமத்தின் வழி நீண்டது, விலையும் அதிகம் என்பதால் சிலர் குறுக்கு வழியைத் தேடுகின்றனர். பீகாரின் முங்கேர், 18ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் காலம் முதல் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கும் பிற வட மாநிலங்களிலும் கள்ளத்தனமாகச் செய்யப்படும் 'கட்டா' எனும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கைமாறுகின்றன. மும்பையிலும் அவை அடிக்கடி பிடிபடுகின்றன. தரமற்ற இரும்புக் குழாயில் உருவானவை, சுடும்போது பயன்படுத்துபவரின் கையிலேயே வெடிப்பதும் உண்டு. உரிமமின்றி ஒன்றை வைத்திருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு.

சிறிய ஆயுதங்கள் குறித்து ஆராயும் ஜெனீவா நிறுவனமான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியப் பொதுமக்களிடம் சுமார் 7.1 கோடி துப்பாக்கிகள் உள்ளன. பதிவு பெற்றவை ஒரு கோடிக்கும் குறைவு. உரிமக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கில், 2016 டிசம்பர் 31 நிலவரப்படி நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் உரிமங்கள் இருந்தன. அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். மகாராஷ்டிரத்தில் சுமார் 84,000. தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. துப்பாக்கி உரிமம் அதிகம் உள்ள மாநிலம் அதிகப் பாதுகாப்பானது என்ற வாதத்தை, உத்தரப் பிரதேசத்தை அறிந்த எவரும் எளிதில் ஏற்கமாட்டார்கள்.

இதனால் தனிமனிதரின் அச்சம் பொய் என்று ஆகிவிடாது. உண்மையான மிரட்டலுக்கு ஆளாகும் வணிகர் இருக்கிறார். அவர் செய்யத்தக்க முதல் வேலை, மிரட்டலை எழுத்துமூலம் காவல் நிலையத்தில் பதிவு செய்வது. பின்னாளில் உரிமம் கேட்டாலும், காவல் பாதுகாப்பு கேட்டாலும், தக்க காரணத்துக்கான சான்று அந்தப் புகார்தான். பூட்டு, கேமரா, வசூல் பணத்தை வங்கியில் அன்றன்றே செலுத்துதல், 112 அவசர எண் ஆகியவை திரைப்படக் கவர்ச்சி இல்லாதவை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் அவை வேலை செய்யும்.

அதற்குப் பிறகும் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வாங்குவோர் குடும்பத்தாரிடம் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு. உரிமம் ஒருவர் பெயருக்கு உரியது, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி மற்ற சொத்துகளைப் போல வாரிசுகளின் பீரோவுக்குப் போய்விடாது. அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். தந்தையின் நினைவாக வீட்டிலேயே வைத்திருந்தால், உரிமமற்ற ஆயுதம் வைத்திருந்ததாகப் பிள்ளைகள் மீது வழக்குப் பாயக்கூடும்.